பழைய சைக்கிள் விபத்து, புதிய இடுப்பு வலி: ஒரு நடத்துநரின் கடிதத்துக்கு எலும்பு மருத்துவரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகருக்கு வயது 40. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகப் பணிபுரிகிறார். முதல் நடைப் பேருந்துக்காக அதிகாலை மூன்றரை மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருப்பதால் பணிமனைக்குச் சைக்கிளில் போவது அவருடைய வழக்கம். 2019-ஆம் ஆண்டு அப்படிப் போகும்போது, வீடு கட்டுவதற்காகத் தெருவில் கொட்டியிருந்த மணலில் சக்கரம் வழுக்கி, இடது இடுப்பு தரையில் அடிபட விழுந்தார். சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். நான்காம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து மூன்று ஸ்குரு பொருத்தினார்கள். ஆறு மாதத்தில் பணிக்குத் திரும்பினார், சைக்கிளும் ஓட்டத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கம் போகவில்லை.

2022-இல் இடது முழங்காலில் வலி தொடங்கியது. முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 'தேய்மானம்' என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்காமல் போகவே, வாரச்சந்தையில் ஒருவர் விற்ற மூட்டுவலிப் பொடியைச் சாப்பிட்டார். வலி மூன்றே நாளில் குறைந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அதை விட்டுவிட்டும், கடந்த ஐந்து மாதங்களாக நாள்தோறும் தொடர்ந்தும் சாப்பிட்டு வருகிறார். இப்போது கால் தாங்கித் தாங்கி நடக்கிறார், கீழே உட்கார முடியவில்லை, செருப்பு வார் போடக்கூட மனைவி குனிய வேண்டியிருக்கிறது, காலைத் திருப்பினால் இடுப்பில் 'நறநற'வென்று ஏதோ உரசுகிறது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரே, சி.டி. அறிக்கைகளையும் அனுப்பியிருக்கிறார். தொடையெலும்பின் பந்து, அதாவது இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் அதன் உருண்டை முனை, ரத்த ஓட்டமின்றிச் செத்து அமுங்கியிருக்கிறது என்றும், மேலே உள்ள ஸ்குருவின் முனை பந்தைத் தாண்டி மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் அறிக்கை சொல்கிறது. மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர் கூறியிருக்கிறார்.

'நான் சீக்கிரமே சைக்கிள் ஓட்டியதுதான் காரணமா, அல்லது அன்று ஸ்குருவைத் தவறாகப் போட்டுவிட்டார்களா? பெரியப்பா புத்தூர்க் கட்டுக்குப் போகலாம் என்கிறார். ஓரிடத்தில் ஊசி போட்டே எலும்பை உயிர்ப்பிக்கலாம் என்றார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள், இதே நோய் வந்த ஒரு வெளிநாட்டுச் சைக்கிள் வீரர் மூட்டின் மேற்பரப்பை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடியும் ஓட்டினார் என்று படித்துச் சொல்கிறாள். 40 வயதில் மூட்டை மாற்றினால் எத்தனை நாள் தாங்கும்? கால் வலியைப் பணிமனையில் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மறுபடியும் சைக்கிளில் ஏற முடியுமா?' என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் அறிக்கையில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஸ்குரு முனை, நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் இடுப்புக் கிண்ணத்தின் வழவழப்பான குருத்தெலும்பைக் கீறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்கும் 'நறநற' ஒலி பெரும்பாலும் அதனால்தான். செத்துப்போன பந்தைப் பொறுத்தவரை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போவதால் பெரிய வேறுபாடு வந்துவிடாது. ஆனால் கிண்ணம் அப்படியல்ல. நாளை செயற்கை மூட்டைத் தாங்கப்போகும் எலும்பு அதுதான், அது குடையப்பட்டுவிட்டால் எளிதாக முடியக்கூடிய சிகிச்சை கடினமாகிவிடும். ஆகவே ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு பணிபுரிவதை இன்றோடு நிறுத்தி மருத்துவ விடுப்பு எடுங்கள். வீட்டுக்குள் நடக்கும்போதும் கைத்தடி பிடியுங்கள், அதை வலது கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கத்துக் கையில்தான் தடி பிடிக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் இடுப்பு மூட்டின் மேல் விழும் சுமை நன்றாகக் குறையும்.

யாருடைய தவறு?

ஆறு ஆண்டுகளாக உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி இது என்பது கடிதத்தில் தெரிகிறது. தொடையெலும்பின் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான நாளங்கள் அதன் கழுத்துப் பகுதியின் மேற்பரப்பை ஒட்டியே ஏறிச் செல்கின்றன. பெரியவர்களுக்கு வேறு வழியாகப் பந்துக்குப் போய்ச் சேரும் ரத்தம் மிகவும் சொற்பம். கழுத்து முறிந்து விலகும்போது இந்த நாளங்கள் அந்தக் கணத்திலேயே கிழியலாம், முறுக்கிக்கொள்ளலாம். மேலும் இந்த முறிவு மூட்டு உறைக்கு உள்ளேயே நடப்பதால், உள்ளே சேரும் ரத்தத்தின் அழுத்தமும் மீதமுள்ள நாளங்களை நெருக்கும். எனவே உங்களுடைய பந்தின் விதி பெரும்பாலும் அந்த மணலில் விழுந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிட்டது. அறுவை சிகிச்சை குறையின்றி நடந்தாலும், இளம் வயதில் இவ்வாறு விலகி முறிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குப் பிற்காலத்தில் பந்து செத்துப்போகிறது. உங்கள் முறிவு ஒன்றுசேர்ந்துவிட்டது என்று பிந்தைய படங்கள் காட்டுவதால், ஸ்குருக்கள் தம் வேலையைச் செய்தன என்றே சொல்வேன். ஸ்குரு இன்று வெளியே நீட்டுவதற்குக் காரணம் அது நகர்ந்தது அன்று. பந்து அமுங்கிச் சுருங்கியதால், அசையாமல் இருந்த ஸ்குரு வெளியே தெரிகிறது.

ஆறாம் மாதத்தில் சைக்கிள் ஓட்டியதும் காரணமன்று. சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதி இருக்கையில்தான் இறங்குகிறது. இடுப்பு மூட்டுக்கு நடப்பதைவிட அது இலேசான வேலை. மூன்று நாள் தாமதமும் உருவலும் ஒரு பங்கு வகித்திருக்கலாம். இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அவை இல்லாதிருந்தால் இது வந்தே இருக்காது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அன்று உருவிவிட்ட உங்கள் தாயாரைக் குறித்து வீட்டில் யாராவது குறை பேசுகிறார்கள் என்றால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. பந்து சாவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிப்படும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதனால் இந்த முறிவுக்கு ஆளானவர்கள் வலி இல்லாவிட்டாலும் குறைந்தது மூன்றாண்டு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 2022-இல் முழங்கால் வலி என்று நீங்கள் போனபோது, உங்கள் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தழும்பை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகள் பொதுவானவை என்பதால், இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாகத் தோன்றுவது மிகச் சாதாரணம். முழங்காலை அழுத்தினால் வலிக்கவில்லை, ஆனால் தொடையை உள்பக்கமாகத் திருப்பினால் முழங்காலில் வலிக்கிறது என்றால் படம் எடுக்க வேண்டியது இடுப்பைத்தான். இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு யாருக்காவது பழைய இடுப்பு முறிவும் புதிய முழங்கால் வலியும் இருந்தால், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்கிய பொடி

நீங்கள் இரண்டே வரியில் எழுதிக் கடந்துபோன செய்தி இது. பொடி சாப்பிட்ட மூன்றே நாளில் வலி போனது, பசி கூடியது, முகம் உப்பியது, ஓராண்டில் எடை ஏறியது என்கிறீர்கள். பெயரும் சேர்மானமும் அச்சிடாத பொட்டலத்தில் வரும் பொடி இப்படி வேலை செய்தால், அதில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சித்த மருத்துவத்தின் மீது நான் பழி போடவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எவரும் பெயர் சொல்லாத பொடியைத் தரமாட்டார்.

இது ஏன் முக்கியம் என்றால், நீண்டகால ஸ்டீராய்டு, விபத்தே இல்லாதவர்களுக்கும் இடுப்புப் பந்தைச் சாகடிக்கும் காரணங்களுள் முதன்மையானது. மதுவும் அப்படித்தான். இடது இடுப்புக்குச் சைக்கிள் விபத்தே போதுமான காரணம் என்றாலும், உங்கள் வலது இடுப்பும் இப்போது ஆபத்தில் இருக்கக்கூடும். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டும். உள்ளே ஸ்குரு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்று ஆய்வகத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எலும்பில் பொருத்தும் ஸ்குருக்கள் காந்தத்தால் இழுபடாத வகை எஃகாலோ டைட்டானியத்தாலோ ஆனவை. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். இடப்பக்கப் படம் ஸ்குருவைச் சுற்றிச் சிறிது கலங்கியிருக்கும். ஆனால் நாம் பார்க்க வேண்டியது வலப்பக்கத்தை. அங்கே நோய் இருந்து, பந்து இன்னும் உருண்டையாகவே இருக்குமானால், துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிறிய சிகிச்சையால் அந்த மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

பொடியை நாளை காலையே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல மாதம் தொடர்ந்து வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தும்போது கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, அரிதாக உயிராபத்தும் வரலாம். ஒரு பொது மருத்துவரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் காலை நேர அளவு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர் சொல்வார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும் இந்தச் செய்தி கட்டாயம் தெரிய வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்துவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடியுமா?

பெரியப்பாவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆந்திராவின் புத்தூரில் தொடங்கிய அந்தக் கட்டு முறையின் பெயர்ப்பலகை நம் ஊர்களில் எல்லா நெடுஞ்சாலைகளிலும் இருக்கிறது. கையிலோ முன்கையிலோ எலும்பு விலகாமல் முறிந்து அசையாமல் வைக்கப்பட்டால் அது தானே சேரும், கட்டுப் போட்டவருக்கும் நல்ல பெயர் கிடைக்கும். உங்கள் நிலை வேறு. உங்கள் எலும்பு முறிந்த நிலையில் இல்லை, அது சேர்ந்துவிட்டது. நோய் பந்தின் உள்ளே இருக்கிறது. தசைக்கும் மூட்டு உறைக்கும் ஆழத்தில் இருக்கும் அந்தப் பந்தை எந்தக் கட்டும் தொடாது. ஸ்குரு முனை மூட்டுக்குள் நிற்கும்போது காலைப் பிடித்து இழுப்பதும் உருவுவதும் கிண்ணத்தை மேலும் கீறவே செய்யும். இந்த ஒரு காரணத்தைப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். படத்தைக் காட்டிச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார்.

ஊசி மூலம் எலும்பை உயிர்ப்பிக்கும் சிகிச்சைகளும், எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தும் முறைகளும் பந்து அமுங்குவதற்கு முன்னால் மட்டுமே பேச வேண்டியவை. கூரை இடிந்து விழுந்த பிறகு தூணுக்குச் சிமெண்டு பூசுவதால் பயனில்லை. உங்கள் சி.டி.யில் பந்து அமுங்கி, மூட்டு இடைவெளியும் குறைந்துவிட்டது. இந்த நிலையில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு ஊசி போட முன்வருகிறவரிடம், 'அமுங்கிய பந்து மீண்டும் உருண்டையாகும் என்று எழுதித் தருவீர்களா?' என்று கேளுங்கள்.

மகளின் கேள்வி நல்ல கேள்வி. அவர் படித்தது அமெரிக்கச் சைக்கிள் வீரர் ஃப்ளாய்டு லாண்டிஸைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சியின்போது விழுந்து, உங்களைப் போலவே தொடையெலும்பின் கழுத்து முறிந்து, அதை ஸ்குரு கொண்டு பொருத்தி, பின்னர் பந்து செத்துப்போனது. அந்த இடுப்போடுதான் 2006-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஓட்டி முடித்தார். ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அந்தப் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டது. 2006 செப்டம்பரில் பந்தை அகற்றாமல் அதன் மேல் உலோகத் தொப்பி பொருத்தும் சிகிச்சையைச் செய்துகொண்டார், 2009-இல் மீண்டும் பந்தயத்துக்கும் வந்தார். நடக்கவே சிரமப்படும் ஒரு மூட்டால் சைக்கிள் மட்டும் ஓட்ட முடிகிறது என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. உங்களுக்கும் பேருந்தில் நிற்பதைவிடச் சைக்கிள் மிதிப்பது எளிதாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, காரணம் அதுதான்.

ஆனால் அந்தச் சிகிச்சையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தொப்பியைத் தாங்குவதற்குப் பந்தில் போதிய அளவு உயிருள்ள எலும்பு வேண்டும், உங்களிடம் அது இல்லை. ஸ்குருக்களை எடுத்தபின் கழுத்தில் மூன்று துளைகள் இருக்கும், தொப்பியின் கீழே அது மீண்டும் முறியக்கூடும். இவை தவிர, இந்தத் தொப்பி முறையைப் போல உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளிலிருந்து கோபால்ட், குரோமியத் துகள்கள் உடலில் சேருவது தெரியவந்த பிறகு, 2010-இல் அவ்வகை மூட்டு ஒன்றை உலகெங்கும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதன்பின் அந்த முறையின் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன முழு இடுப்பு மூட்டு மாற்றே சரியான யோசனை என்பது என் கருத்தும்.

40 வயதில் செயற்கை மூட்டு

1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இந்தச் சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்தபோது, அது பெரும்பாலும் முதியவர்களுக்கானது என்றே கருதப்பட்டது. 'அறுபது வயது வரை தள்ளிப்போடு' என்ற அறிவுரை அந்தக் காலத்து எச்சம். அன்று பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து அதன் தூள் எலும்பை அரித்தது. 1990-களின் இறுதியிலிருந்து வந்த, குறுக்குப் பிணைப்பால் உறுதியாக்கப்பட்ட பிளாஸ்டிக் கிண்ணமும் பீங்கான் பந்தும் மிக மெதுவாகத் தேய்கின்றன. வெளிநாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டு தாங்கியதாகக் கணக்கிட்டது. அவை பழைய பொருள்களால் ஆனவை என்பது உங்களுக்குச் சாதகம். அவற்றைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட மூத்தவர்கள், குறைவாக நடந்தவர்கள் என்பது உங்களுக்குப் பாதகம். ஆகவே உங்கள் வாழ்நாளில் இன்னொரு முறை மூட்டை மாற்ற நேரலாம் என்று எண்ணியே முடிவெடுங்கள். அதைத் தவிர்ப்பதற்காக உழைக்கும் வயதின் இருபது ஆண்டுகளை வலியில் கழிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களுடையது, இதற்குமுன் அறுவை நடக்காத இடுப்பில் மூட்டு மாற்றுவதைவிடச் சற்றுக் கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே திறந்த இடம், உள்ளே பழைய உலோகம், ஸ்டீராய்டு சந்தேகம் ஆகிய மூன்றும் கிருமித்தொற்றின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனவே சிகிச்சைக்கு முன், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளும், அவை உயர்ந்திருந்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதும் அவசியம். தொற்று இல்லையென்றால் ஸ்குருவை எடுப்பதும் மூட்டை மாற்றுவதும் ஒரே நாளில் முடியும். தொற்று இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டிவரும். பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, கட்டுக்கடங்காத சர்க்கரை எதுவும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். பழைய ஸ்குருக்களை எடுத்து மூட்டு மாற்றிய அனுபவம் உண்டா என்று அறுவை செய்யும் மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. செலவு குறித்துக் கவலைப்படுகிறீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகளிலும் மூட்டு மாற்று சிகிச்சை நடைபெறுகிறது. வட்டிக்கு வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கருத்துக் கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோர் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் மூன்று மாதம் மூட்டு நழுவாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். தாழ்வான நாற்காலி, தரையில் அமர்தல், கால்மேல் கால் போடுதல், குனிந்து தரையில் விழுந்ததை எடுத்தல் ஆகியவை கூடாது. வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான் இருக்கிறது என்கிறீர்கள். அதன்மேல் வைக்கும் உயரமான கமோடு நாற்காலியைச் சிகிச்சைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் காலையிலேயே அது வேண்டியிருக்கும். சம்மணமிட்டு உட்காருவதைப் பிற்காலத்தில் அனுமதிப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. உங்களுக்கு எந்த வழியில் மூட்டைத் திறந்தார்கள், எந்த அளவுப் பந்து போட்டார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் மருத்துவரே சொல்லட்டும்.

வேலை

உங்கள் கடிதத்தில் வலியைவிடப் பெரிதாகத் தெரிந்தது இந்தப் பயம். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் எலும்பு மருத்துவர்கள் எல்லாரும் தங்கள் நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அவர் வகிக்கும் பணிக்குப் பொருந்தாதவராகிவிட்டால், அதே ஊதியத்தோடும் பணிப்பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வரையிலோ கூடுதல் பணியிடம் உருவாக்கி அவரை அதில் வைத்திருக்க வேண்டும். அரசு நிறுவனம் என்பதில் அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது.

விபத்து பணிநேரத்தில் நடக்கவில்லையே என்று கேட்கிறீர்கள். பணியில் இருக்கும் காலத்தில் ஊனம் ஏற்பட்டதா என்பதையே அந்தப் பிரிவு பேசுகிறது. பணியின்போது அடிபட்டிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. உங்கள் நிலைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று தொழிற்சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் பங்குக்கு நான் சொல்வது, மறைப்பதுதான் உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்பது. சான்றிதழ் இல்லாமல் அடிக்கடி விடுப்பு எடுத்தால் அது ஒழுங்கீனமாகப் பதிவாகும். மருத்துவச் சான்றோடு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்று நகல் வைத்துக்கொண்டால் அது உங்களுக்கு ஆதாரம். மூட்டு மாற்றிய பின் மூன்று நான்கு மாதத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பலாம். ஓடும் பேருந்தில், திடீர் பிரேக்குக்கு ஈடுகொடுத்து எட்டு மணி நேரம் நிற்கும் வேலைக்கு நீங்கள் மறுபடி போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பணிமனை அலுவலகத்திலோ பயணச்சீட்டுப் பிரிவிலோ மாற்றுப் பணி கேளுங்கள், அதற்கான சான்றை உங்கள் மருத்துவரிடம் விரிவாக எழுதி வாங்குங்கள்.

மீண்டும் சைக்கிள்

முடியும். செயற்கை மூட்டுக்காரர்களுக்கு ஓட்டமும் குதித்தலும் வேண்டாம் என்று சொல்லும் நாங்கள், நீச்சலையும் சைக்கிளையும் மனமுவந்து அனுமதிக்கிறோம். ஆறு வாரத்துக்குப் பிறகு பிசியோதெரபியில் நிலையான சைக்கிளை மிதிக்கத் தொடங்கலாம், இருக்கையை உயர்த்தி வைத்து, தொடை இடுப்புக்கு மேலே ஏறாதவாறு. தெருவில் ஓட்டுவது மூன்று மாதத்துக்குப் பிறகு, புட்டத் தசைகள் வலுவடைந்து, தடியில்லாமல் ஒற்றைக் காலில் சாயாமல் நிற்க முடிந்தால் மட்டும்.

எங்கள் கவலை மிதிப்பதைப் பற்றியது அன்று. ஏறி இறங்குவதும் விழுவதுமே ஆபத்து. பின்னால் காலை வீசி ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குறுக்குக் கம்பி இல்லாத, லேடீஸ் சைக்கிள் என்று நாம் சொல்கிற வண்டி உங்களுக்குப் பொருத்தமானது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூட்டைப் பொருத்திய எலும்பு இன்னொரு விழுகையில், அதனுள் இறங்கியிருக்கும் செயற்கை மூட்டுத் தண்டின் ஓரமாகவே முறியும், அதைச் சரிசெய்வது முதல் முறிவைவிடப் பன்மடங்கு கடினம். ஆகவே இருட்டில், மழையில், மணல் கொட்டிய தெருவில் சைக்கிள் வேண்டாம். அதிகாலை மூன்றரை மணிப் பயணம் மட்டும் உங்களுக்கு இனி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெளிச்சம் இருக்கும்போது மகளோடு ஓட்டிப் போய்வாருங்கள்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. 2019-இல் உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கு யாரையாவது அனுப்பி, அன்றைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். கோப்பில் ஸ்குருவின் அட்டைப் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கலாம். அதில் அந்த ஸ்குருவின் தயாரிப்பும் அளவும் இருக்கும். ஆறு ஆண்டு எலும்புக்குள் இறுகிப்போன ஸ்குருவைக் கழற்ற, அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பொருந்தாததைப் போட்டுத் திருகித் தலை மழுங்கிவிட்டால், எலும்பைக் குடைந்துதான் அதை எடுக்க வேண்டிவரும். அந்த ஸ்டிக்கரின் நகலை, நாள் குறிப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.